பசு என்ன தின்றது?

2025 ஆகஸ்டில் ‘அசைவப் பால்’ என்றொரு சொல் நம் தொலைக்காட்சி விவாதங்களில் அடிபட்டது. அந்த மாதம் 6ஆம் தேதி அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதத்துக்குக் கொண்டுபோகும் ஆணையை வெளியிட்டது. மறுநாள் டெல்லியில், கும்பகோணத்துக்காரரான வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் நூற்றாண்டு மாநாட்டில் பேசிய பிரதமர், உழவர், மீனவர், பால் உற்பத்தியாளர் நலனை ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார். அன்றிலிருந்து நம் பத்தி எழுத்தாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக ஒரு சான்றிதழைப் புகழ்ந்து வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பால்பொருள் எதுவானாலும், அந்தப் பாலைத் தந்த மாடு இன்னொரு விலங்கின் உள்ளுறுப்போ ரத்தத்தூளோ திசுவோ கலந்த தீவனத்தைத் தின்றதில்லை என்று அந்நாட்டு அரசு எழுதிக்கொடுக்க வேண்டும். 2003 முதல் இந்தியா பிடித்துவரும் நிபந்தனை இது. நம் உடல்நலம், நம் நம்பிக்கை, நம் விவசாயி மூன்றையும் இந்த ஒரு தாள் காப்பாற்றுகிறது என்பது அவர்கள் வாதம்.

மூன்றில் இரண்டை நான் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். விவசாயியைக் காப்பாற்ற வேண்டும்தான். பால்பவுடருக்கு 60, வெண்ணெய்க்கு 40, பாலாடைக்கட்டிக்கு 30 சதவீதம் என்று சுங்கவரி அதற்காகவே நிற்கிறது. ஆயிரம் மாட்டுப் பண்ணையோடு இரண்டு மாட்டுக்காரியை ஓடவிட்டு, வென்றவருக்குச் சந்தை என்று சொல்வது நியாயமாகாது. நம்பிக்கை விஷயத்திலும் அப்படியே: ஒரு பொருளைச் சாப்பிட மனம் கூசினால், அப்படிக் கூசுகிறது என்று சொல்வதற்கு ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. இறக்குமதி விதிகளும் பொதுவாக மோசமானவை அல்ல. ஓசூர் பாகலூர் ரோட்டில் இன்று எந்தப் பெரிய கடைக்குப் போனாலும் குளிர்பெட்டியில் ஐரோப்பியப் பாலாடைக்கட்டி இருக்கிறது. பெங்களூர் வாடகைக்குப் பயந்து இங்கே குடிவந்தவர்கள் வாங்குகிறார்கள். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளைப் படித்துப் பாருங்கள்: இறக்குமதியாளர் பெயர், முகவரி, பதினான்கு இலக்க உரிம எண், எந்த நாடு, சைவமா அசைவமா. துறைமுகத்தில் இறங்கும்போது அதன் ஆயுளில் 60 சதவீதமாவது, அல்லது மூன்று மாதமாவது மிச்சம் இருந்திருக்க வேண்டும். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் அதிகாரிக்கு உண்டு. 2023 பிப்ரவரியிலிருந்து பால், இறைச்சி போன்றவற்றை நமக்கு அனுப்பும் வெளிநாட்டு ஆலைகள் நம்மிடம் பெயரைப் பதிந்துகொள்ளவும் வேண்டும். நல்ல ஏற்பாடு. குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

மிச்சமிருப்பது உடல்நலம். என் வழக்கு அதில்தான்.

அந்த நிபந்தனை எங்கிருந்து வந்த சிந்தனை என்று பாருங்கள். 1986இல் இங்கிலாந்தில் மாடுகளுக்குக் கிறுக்குப் பிடிக்கும் நோய் கண்டறியப்பட்டது. செத்த கால்நடையை அரைத்து உயிருள்ள மாட்டுக்கே ஊட்டியதால் பரவியது என்று தெரிந்ததும் 1988இல் அங்கே அந்தத் தீவனம் தடை செய்யப்பட்டது. 1996இல் மனிதருக்கு வந்த மூளைநோயோடு தொடர்பு வெளியானபோது உலகமே நடுங்கியது. ஆனால் பால் வழியாக அந்த நோய் பரவாது என்பது உலக விலங்கு நல அமைப்பின் நிலைப்பாடு. நோய் உள்ள நாட்டிலிருந்தும் பாலை வாங்கலாம் என்கிறது அது. நம் அரசும் இதைச் சமய, பண்பாட்டுக் காரணம் என்றுதான் வர்த்தகப் பேச்சுவார்த்தையில் சொல்லிவருகிறது. அதாவது சான்றிதழைக் கேட்பவரே அதை மருந்துச் சீட்டாகக் கேட்கவில்லை. மருந்துச் சீட்டு என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நம் பத்தி எழுத்தாளர்கள் மட்டும்தான்.

அவர்களோடு எனக்குள்ள தகராறு இந்தத் தகவல் பிழையோடு முடிவதில்லை. ‘பசு என்ன தின்றது?’ என்பது மிகச் சரியான கேள்வி. பாலின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கக்கூடிய முதல் கேள்வியே அதுதான். அதை நாம் விஸ்கான்சின் பசுவிடமும் நியூசிலாந்துப் பசுவிடமும் கேட்கிறோம். ராயக்கோட்டைப் பசுவிடம் கேட்பதில்லை.

பூசணத்தைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த விஷயத்தில் பொறுமை இல்லாமல் போனதுதான் இத்தனை ஆண்டுக் கதை.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிக்கொண்டே போனவர்கள் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றார்கள். அதில் வளர்ந்திருந்த பூஞ்சை ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. அதற்கு அஃப்லடாக்சின் என்று பெயரிட்டார்கள். நமக்கு அது பாடப்புத்தகச் சேதி அல்ல: 1974இல் குஜராத், ராஜஸ்தான் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 106 பேர் இறந்தார்கள். அவர்கள் வீட்டு நாய்களும் செத்தன. அளவு குறைவாக இருந்தால் இப்படிக் கொல்லாது. ஈரலில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்லடாக்சின்களை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற வரிசையில் வைத்திருக்கிறது.

கறவை மாடு இதில் ஒரு வடிகட்டி. முழுதாக வடிகட்டாத வடிகட்டி. தின்ற நஞ்சில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை, உருமாறி, எம்1 என்ற பெயரில் மறுநாள் பாலிலேயே வந்துவிடும். தீவனத்தை மாற்றினால் மூன்று நான்கு நாளில் நின்றும்விடும். நடுவில் கறந்த பாலிலிருந்து அது என்ன செய்தாலும் போகாது. காய்ச்சினால் எல்லாம் போய்விடும் என்ற நம் வீட்டுத் தைரியம் கிருமியிடம் செல்லும், இதனிடம் செல்லாது. ஆலையில் பதப்படுத்துவதும் அடுப்பில் பொங்கவிடுவதும் இதற்கு ஒன்றுதான். உறை ஊற்றினாலும் தயிருக்குள் கூடவே போகும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாலில் இந்த நஞ்சு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியச் சட்டம். (ஐரோப்பாவில் இதில் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் நம் அளவேதான். அசைவப் பால்காரர்களுக்கும் நமக்கும் இதில் ஒற்றுமை.) ஒரு கிலோ புண்ணாக்கில் 200 மைக்ரோகிராம் நஞ்சு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்குப் பழுதாகவே தெரியாத சரக்கிலும் அவ்வளவு இருக்கலாம். மாடு தினம் ஒரு கிலோ தின்கிறது. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு பாலுக்கு வந்தால் 4 மைக்ரோகிராம். எட்டு லிட்டர் கறக்கும் மாட்டில் லிட்டருக்கு 0.5. வேறு எதுவும் கெடாமல், யாரும் எதையும் கலக்காமல், ஒரு கிலோ புண்ணாக்கு மட்டும் மாட்டைச் சட்டத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதையே நாள்தோறும் குடிக்கும் குழந்தைக்கு எடை பத்துப் பன்னிரண்டு கிலோ.

இது கற்பனைக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2018 மே முதல் அக்டோபர் வரை 50,000 பேருக்கு மேல் வசிக்கும் 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்தது. முடிவு 2019 அக்டோபரில் வெளியானது. நாடு முழுக்க 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவீதத்தில், இந்த நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்தவை 551, தாண்டியவை 88. நூற்றுக்குப் பதினாறு. நாட்டின் மாதிரிகளில் நம் பங்கு 8.6 சதவீதம்தான்; நஞ்சுப் பாலில் நம் பங்கு நான்கில் ஒன்றுக்கு ஒட்டி. எண்ணிக்கையில் மாநிலங்களின் பட்டியலில் முதலிடம் நமக்கு. அடுத்து டெல்லி, அதற்கடுத்து கேரளம். இன்னொன்றையும் ஆணையம் சொன்னது: கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இது அதிகம். பாக்கெட் பால் என்றால் பயமில்லை என்று நம்பி வாங்கும் ஓசூர் குடித்தனக்காரர் அந்த வரியை எங்கே படித்திருப்பார்?

அதே ஆய்வில் கலப்படம் என்று பிடிபட்டவை எத்தனை தெரியுமா? 6,432இல் பன்னிரண்டு. ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் ஓராண்டுக்கு முன்பு, 2017இல், நாம் கலப்படத்தைப் பற்றி மட்டும்தான் பேசினோம். அப்போதைய பால்வளத்துறை அமைச்சர் கே.டி. ராஜேந்திர பாலாஜி தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள் என்றார். நிறுவனங்கள் உயர் நீதிமன்றம் போயின. மாதக்கணக்கில் செய்தி ஓடியது. கலப்படத்துக்கு ஒரு வில்லன் உண்டு. இரவில் கேனைத் திறக்கும் கை, யூரியா மூட்டை, லாரி. பூசணத்துக்கு வில்லன் இல்லை. அது நல்லவர்கள் வீட்டுத் திண்ணையில், மழைக்காலத்தில், சாக்குக்குள் தானாக வளர்கிறது. நம் கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. முகம் இல்லாத விஷயத்தில் நமக்கு ஆர்வம் வருவதில்லை.

ராயக்கோட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இரண்டு கலப்பின மாடு வைத்திருக்கிறார். காலை ஐந்தரைக்குச் சொசைட்டியில் கேனோடு நிற்பார். ஒரு ஐப்பசியில் போனபோது வாசலில் கடலைப் புண்ணாக்கை உடைத்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு துண்டின் ஓரத்தில் பச்சை படர்ந்திருந்தது. கத்தியால் சுரண்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தண்ணீரில் போட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்படீன்னா அது இல்லாத பாலுக்கு சொசைட்டில எவ்ளோ சேத்துக் குடுப்பாங்கண்ணா?” என்றார்.

இந்தக் கேள்விக்கு மேல் ஒரு பொருளாதார விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. சொசைட்டியில் பாலை அளக்கும் இயந்திரம் இரண்டை அறியும்: கொழுப்பு, கொழுப்பல்லாத சத்து. அந்த இரண்டுக்கும்தான் விலை. பூசணம் பிடித்த புண்ணாக்கும் கொழுப்பைத் தரும், சத்தைத் தரும். நல்ல புண்ணாக்கு கிலோவுக்குக் கூடுதல் விலை. அதைப் போட்டால் பாலுக்குக் கூடுதல் விலை இல்லை. அப்படியிருக்க அந்த அக்கா எதற்காக நல்லதைத் தேடிப் போவார்? மனிதருக்குத் தேறாத கடலை எண்ணெய்க்குப் போகும். எண்ணெய் பிழிந்த பிண்டம் மாட்டுக்குப் போகும். நனைந்த சோளம், சொத்தைப் பருத்திக்கொட்டை எல்லாம் அதே வழியில்தான் போகும். நமக்கு வேண்டாத எல்லாம் சேருமிடம் மாட்டுத் தொட்டி. அங்கிருந்து அது நம் டம்ளருக்குத் திரும்பி வருவதைத்தான் மறந்துவிடுகிறோம்.

நாமக்கல்லைப் பாருங்கள், கிருஷ்ணகிரியிலிருந்து சில மணி நேரப் பயணம். அங்கே கோழிப்பண்ணைக்காரர் மக்காச்சோளம் லாரியில் வந்ததும் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார். கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. கோழிக்காரர் பால்காரரைவிட ஒழுக்கமானவர் என்பதாலா? இல்லை. அஃப்லடாக்சின் ஏறினால் கோழி முட்டையைக் குறைத்துவிடும், செத்தும்விடும். நஷ்டம் அவர் பையில் விழுகிறது. மாடு அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. நஞ்சைப் பாலில் இறக்கிவிட்டு நின்றுகொண்டிருக்கும். நஷ்டம் யாரோ முகம் தெரியாத ஒருவரின் ஈரலில், இருபது ஆண்டு கழித்து விழுகிறது. ஒரே மாநிலம், ஒரே நஞ்சு, ஒரே சோளம். ஒரு பக்கம் சோதனை வழக்கமாகிவிட்டது, இன்னொரு பக்கம் அது என்னவென்றே தெரியாது.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. கறவை மாட்டுக்கான வணிகத் தீவனம் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவுகளுக்கு உட்பட்டு, அதன் முத்திரையோடு இருக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் ஆணை பிறந்தது. கலப்புத் தீவனத்தில் இந்த நஞ்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்த அளவு. நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிக்கொண்டே போனது. வந்திருந்தாலும் என்ன? அது தைத்து விற்கும் மூட்டைக்கு. செக்கடியிலிருந்து சாக்கில் வரும் புண்ணாக்குக்கு, பக்கத்துத் தோட்டத்துத் தவிட்டுக்கு, எல்லை தாண்டிவரும் உதிரிச் சரக்குக்கு அல்ல. அதே ஆணையில் இன்னொன்றும் உண்டு: நம் மாட்டுக்கும் இறைச்சித்தூள், எலும்புத்தூள், ரத்தத்தூள் கூடாது. வெளிநாட்டு மாட்டின் தொட்டியை 2003 முதல் விசாரித்த நாம், நம் தொட்டிக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படி ஓர் ஆணை போட 2020 ஆகியிருக்கிறது. சைவத் தாளைப் புகழ்பவர்கள் இந்தப் பதினேழு ஆண்டு இடைவெளிக்கு ஒரு வரி எழுதட்டும்.

கர்நாடக எல்லைக்கு வருவோம், இந்த ஓசூர்க்காரனுக்கு அதில்தான் ருசி. ஜூஜூவாடிச் சாவடியில் லாரிகள் விற்பனை வரிக்காக வரிசைகட்டிய காலம் 2017 ஜூலையில் ஜிஎஸ்டியோடு முடிந்தது. இன்று அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் நடுவே பால் இரண்டு பக்கமும் ஓடுகிறது. இந்தப் பக்கத்துப் பால் பெங்களூர் டீக்கடைக்குப் போகிறது. அந்தப் பக்கத்து நந்தினி பாக்கெட் ஓசூர்க் கடைகளில் ஆவினுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பறவைக் காய்ச்சல் சேதி வரும்போது மட்டும் சாவடியில் மருந்து தெளிப்பார்கள்.

2023 மே மாதம் கிருஷ்ணகிரி பெயர் தேசியச் செய்தியானது நினைவிருக்கும். அமுல் இங்கே குளிரூட்டும் நிலையங்களும் பதப்படுத்தும் ஆலையும் வைத்திருக்கிறது, சுற்றுவட்ட மாவட்டங்களில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், மகளிர் குழுக்கள் வழியாகப் பாலைத் திரட்டத் திட்டமிடுகிறது, இதைத் தடுத்து நிறுத்துங்கள் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் 25ஆம் தேதி மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு கூட்டுறவின் பால்வட்டத்தில் இன்னொன்று புகக் கூடாது என்பது நெடுநாள் மரபு. அந்த மரபில் அர்த்தம் உண்டு. நானும் அப்போது முதல்வர் பக்கம்தான். ஆனால் வாரக்கணக்கில் நடந்த அந்தச் சண்டையில் யாருடைய பால், யாருடைய வட்டம், யாருடைய மானம் என்று எல்லாம் பேசினோம். பாலில் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த அந்த 88 மாதிரிகள் ஒரு தலையங்கத்திலும் தலைகாட்டவில்லை. வெளியார் வரும்போது எழும் ஆவேசத்தில் பாதிகூட வீட்டுக்குள் பார்க்கும்போது நமக்கு எழுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கேரளம் வேறு வழியில் போனது. அங்கே பால்வளத்துறைக்கு மீனாட்சிபுரம், ஆரியங்காவு போன்ற எல்லைகளில் சோதனைச் சாவடியே உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போகும் டேங்கரை நிறுத்தி மாதிரி எடுக்கிறார்கள். 2023 ஜனவரியில் ஆரியங்காவில் 15,300 லிட்டர் பாலைப் பிடித்து, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருக்கிறது என்றார்கள். பிறகு உணவுப் பாதுகாப்புத் துறை சோதித்தபோது அது இல்லை. நேரமாக நேரமாக அந்த ரசாயனம் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துபோகும், தாமதமாக எடுத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு துறை இன்னொன்றைக் குற்றம் சொன்னது. பிடிக்கும் துறைக்கு வழக்குப் போட அதிகாரமில்லை, அதிகாரமுள்ள துறை ஸ்தலத்தில் இல்லை. நம் ஊர் ஆட்கள் அன்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சாவடி என்று ஒன்று இருந்ததால்தான் அந்தக் கேலிக்கூத்தாவது நடந்தது. ஜூஜூவாடியில் கேலிக்கூத்துக்கும் வழியில்லை. அதே சமயம், இதனால் நமக்கும் சாவடி வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சாவடியில் டேங்கரைச் சோதிப்பது கழுத்தில் கத்தி வைத்த பிறகு கேள்வி கேட்பது போல. நஞ்சு நுழைந்த இடம் தொட்டி.

லேபிளிலும் இதே நோய். நம் பாக்கெட்டின் முகத்தைப் பாருங்கள். நீலமா, பச்சையா, ஆரஞ்சா என்று நிறமே கொழுப்பைச் சொல்லிவிடும். ஆலையின் முகவரி இருக்கும்.  2024 ஆகஸ்டில் ஏ1, ஏ2 என்று பாலில் எழுதி விற்பதை நிறுத்தச் சொல்லி ஆணையம் 21ஆம் தேதி ஆணையிட்டது. ஐந்து நாளில் தானே திரும்பப் பெற்றது. மாட்டின் சாதி என்ன என்று லேபிளில் எழுதலாமா கூடாதா என்பதில் இவ்வளவு குழப்பம். அதன் வயிற்றுக்குள் என்ன போனது என்று எழுதச் சொல்லி ஒரு குரலும் இல்லை. எந்த மாவட்டத்துப் பால் என்று அச்சிட வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பிரான்சு 2017இலிருந்து சில ஆண்டுகள் பாலின் பிறந்த நாட்டை எழுத வைத்துப் பார்த்தது; 2021இல் அவர்களுடைய உச்ச நிர்வாக நீதிமன்றமே அதை ரத்து செய்தது. ஊர்ப் பெயர் பெருமைக்கு உதவும், பூசணத்துக்கு உதவாது.

இறைச்சியில் நிலைமை வேறல்ல, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கால்நடை மருத்துவர் மணிக்குப் பன்னிரண்டு, நாளுக்குத் தொண்ணூற்றாறு விலங்குகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்று 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள் சொல்கின்றன. நாம் ஏற்றுமதி செய்யும் எருமை இறைச்சிக்கு உயிரோடும் பார்க்கிறார்கள், அறுத்த பிறகும் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஓசூர்க் கடையில் தொங்கும் ஆட்டின் மேல் முத்திரை பார்த்து வாங்கியவர் எத்தனை பேர்? 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட இறைச்சியைப் பிடித்து, நாய்க்கறி என்று ஊரே பேசியது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் அது ஆடு என்றது. யார் அறுத்தது, எந்த ஊர், எந்த நாள் என்று பெட்டிமேல் ஒரு சீட்டு இருந்திருந்தால் அந்த வதந்திக்கு ஒரு நாள்கூட ஆயுள் இருந்திருக்காது.

வெளியூரானிடம் கேட்டு, உள்ளூரில் கேட்காத பழக்கத்துக்கு நாம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறோம். பறவைக் காய்ச்சல் வந்த நாடுகளின் கோழியை 2007 முதல் தடுத்தோம். உங்கள் நாட்டுக்குள் நோயைத் தேட என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று உலக வர்த்தக அமைப்பில் கேட்டபோது நம் பதில் நிற்கவில்லை; 2015 ஜூனில் மேல்முறையீட்டிலும் தோற்றோம். இன்னொரு கதை இதைவிடச் சுவை. சீனப் பாலில் மெலமைன் கலந்த விவகாரத்தில் 2008 செப்டம்பரில் அதை இந்தியா தடை செய்தது. அப்போதே ஒரு சிறுபத்திரிகையில் நம் தொட்டி எப்போது என்று கேட்டு எழுதினேன், இரண்டு பேர் படித்திருக்கலாம். தடை ஆண்டுதோறும் நீண்டது. 2019இல் அதை நீட்டித்தபோது சொன்ன காரணம்: நம் துறைமுக ஆய்வகங்கள் மெலமைனைச் சோதிக்கும் திறன் பெறும்வரை. பதினோரு ஆண்டு கழித்து! தடை சரியா தப்பா என்பதை விடுங்கள். அயலானின் குற்றத்துக்காகப் போட்ட பூட்டு நம் வீட்டுச் சாவி செய்து முடிக்காததால் தொங்குகிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதைக் கேட்டுக்கேட்டு என் காது புளித்துவிட்டது: ஏழை மாட்டுக்காரரை ஆய்வகத்துக்கு அலையவிடாதீர்கள், விதி என்று வந்தால் பெரிய நிறுவனம் பிழைக்கும், சிறியவர் சாவார். முதல் தடவை கேட்டபோது நின்று யோசித்தேன். இப்போது அது ஒரு கேடயமாகத்தான் தெரிகிறது. அதன் பின்னால் நிற்பவர்கள் ஏழைகள் அல்ல. அந்த அக்காவைச் சோதிக்கச் சொல்லி யார் கேட்டார்கள்? அவர் புண்ணாக்கை வாங்குபவர், விற்பவர் அல்ல. பிழியும் ஆலை கொஞ்சம். சேமிக்கும் கிடங்கு இன்னும் கொஞ்சம். சோதிக்க வேண்டியது அங்கே. கிராமத்துக் குளிரூட்டும் தொட்டியில் வாரம் ஒரு மாதிரி எடுத்தால் எந்த ஊர்ப் பக்கம் கெட்ட சரக்கு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தீவனத்தை மாற்றிய நான்காம் நாள் பால் சரியாகிவிடும் என்பதால் யாரையும் தண்டிக்கவும் வேண்டியதில்லை. 1824இல் ராணுவக் குதிரைக்காகத் தொடங்கிய மத்திகிரிப் பண்ணை இன்னும் ஓசூரில் கால்நடைப் பண்ணையாக நிற்கிறது. இருநூறு ஆண்டாகக் கால்நடைத் தீவனத்தோடு புழங்கும் ஊரில் ஒரு சோதனைக்கூடம் வைக்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

காசு யார் கொடுப்பது என்பார்கள். 2023 டிசம்பரில் அரசு ஆவினுக்குப் பால் ஊற்றுவோருக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. பால் தனியாருக்குப் போய்விடாமல் இருக்கக் கொடுத்த பணம் அது, ஊற்றுபவர் எல்லோருக்கும் ஒரே அளவு. அதில் ஒரே ஒரு ரூபாயைப் பிரித்து, இந்த வாரம் பூசண நஞ்சு இல்லாத குளிரூட்டும் தொட்டிக்கு மட்டும் என்று வைத்துப் பார்க்கட்டும். ராயக்கோட்டை அக்கா கேட்டதற்குச் சொசைட்டிச் செயலாளர் சிலேட்டில் எழுதிக் காட்ட ஒரு பதிலாவது இருக்கும். கத்தியை வைத்துவிட்டு அந்தத் துண்டை முழுசாகக் குப்பையில் போடுவாரா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.